பன்னெண்டாவது பேரு

பாறைக்குழி காம்ப்ளக்ஸுக்கு நீங்க போயிருந்தா அந்தக் கல்வெட்டப் பாத்திருப்பீங்க. மாடிப்படிக்குப் பக்கத்துல செவுத்துல பதிச்சு வெச்ச கருங்கல்லு. 'நகர்ப் புதுப்பிப்பு வாரியம், 1994'ன்னு மேல வெட்டி, கீழ தலைவர்ல இருந்து வரிசையாப் பன்னெண்டு மெம்பரு பேரு. பதினொரு பேரு தங்கக் கலர்ல மினுக்கிட்டு இருக்கும். பன்னெண்டாவது எடத்துல பேரு இல்லீங்க. ஒரு சாண் நீளத்துக்குக் கல்லப் பேத்தெடுத்த பள்ளந்தான் இருக்கும்.

கீழ டீக்கடை வெச்சிருக்கறவன் லாரி இடிச்சிருச்சுன்னு எல்லாருகிட்டயும் சொல்றான். மாடிப்படிகிட்ட எந்த லாரிடா வந்து இடிக்கும்? கேக்கறவன் கேனையனா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பான். அதைக் கொத்தினது ஒச்சம்மாள். பட்டப்பகல்ல, முந்நூறு பேரு பாத்துட்டு நிக்கறப்ப கொத்துச்சு. நானும் நின்னேன். என்ற பேரு கிட்டுசாமி, அந்த வாரியத்துல பியூனா இருந்தவன். இந்தக் கதைய யாருகிட்டயாவது சொல்லலீன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சுரும்போல இருக்குதுங்க. அதனால கேளுங்க.

ஒச்சம்மாள் நம்ம பக்கத்து ஆளு இல்லீங்க, உசிலம்பட்டிப் பக்கம். எழுவத்தெட்டுல அங்க மழை பொய்ச்சப்ப, புருசன் தவசியோட ஒரு டிரங்குப் பொட்டியத் தூக்கிட்டு திருப்பூர் வந்து எறங்குனவிய. இப்பக் காம்ப்ளக்ஸ் நிக்கற எடம் அப்பக் கல்லுக்குழி, அங்க வெடி வெச்சுக் கல்லு ஒடைச்சுட்டு இருந்தாங்க. தவசி கல்லொடைக்கற ஆளு. இன்னைக்கு ஊருக்குள்ள மூணு மாடி நாலு மாடின்னு நிக்குதே பனியன் கம்பெனிக, அதுல பாதிக்கு அஸ்திவாரம் அந்தக் குழிக் கல்லுதான். புருசன் பெரிய கல்லப் பொளந்து போட, பொண்டாட்டி பக்கத்துல குந்தி உளியால கொத்திச் சரி பண்ணும். பத்து வருசத்துல கல்லும் தீந்துச்சு, கல்லுப்பொடி அடைச்சு தவசி நெஞ்சும் தீந்துச்சு. அந்தம்மா மூணு நாளு அழுதுச்சு. நாலாம் நாளு பனியன் கம்பெனியில பிசிறு வெட்டற வேலைக்குப் போயிருச்சு. தவசியோட உளியையும் சுத்தியையும் பழைய இரும்புக்காரன் வந்து கேட்டான். அந்தம்மா கேட்ட கேள்வியில அவன் அதுக்கப்பறம் அந்தத் தெருப்பக்கமே வரல.

குழிக்கரையில எழுவது ஊடு. பாதிக்கு மேல தெக்கத்திக்காரங்க, மிச்சம் நம்ம ஆளுக. அத்தனை பேருக்கும் ஒச்சம்மாள்தான் வாயி. ஒருக்கா ஒம்பது நாளு தண்ணி வரல. அந்தம்மா எழுவது காலிக்குடத்தையும் கொண்டுபோயி நகராட்சி ஆபீஸ் படியில அடுக்கி வெச்சுட்டு நடுவுல குந்திக்கிச்சு. உள்ள இருந்தவிய வெளிய வர முடியல, வெளிய இருந்தவிய உள்ள போக முடியல. பொழுதோட லாரியில தண்ணி வந்துச்சு.

இனி வாரியத்துக்கு வர்றேன். தொண்ணூத்தொண்ணுல ஆரம்பிச்சாங்க. பனியனால ஊரு வீங்கிப் போச்சு, ரோடு பத்தல, சாக்கடை பத்தல, அழுக்கா இருக்கற எடத்தையெல்லாம் எடுத்துட்டுப் புதுசாக் கட்டோணும்னாங்க. சொல்றப்ப நல்லாத்தானுங்க இருந்துச்சு. தலைவரு ஆறுமுகசாமி, எக்ஸ்போர்ட்டு பண்றவரு. அப்பறம் ஒரு தியேட்டர் மொதலாளி, சாயப்பட்டறைக்காரங்க, காண்ட்ராக்டருக, வக்கீலுன்னு மொத்தம் பதினொண்ணு. இவியள்ல எத்தனை பேருக்குப் பாறைக்குழியச் சுத்தி எடம் இருந்துச்சுன்னு கேக்காதீங்க. எத்தனை பேருக்கு இல்லைன்னு கேளுங்க, எண்ணறதுக்கு ஒரு கை போதும். வேலியே பயிர மேஞ்ச கதையின்னு சொல்லுவாங்க. இங்க மேயறதுக்குன்னே வேலி போட்டாங்க. அந்தக் குழிய மூடிக் கடை கட்டினாப் பக்கத்து எடமெல்லாம் என்ன வெலைக்குப் போகும்னு அவியளுக்குத் தெரியாதா?

கவுர்மெண்ட்டு ஆர்டர்ல ஒரு கொக்கி இருந்துச்சு. மெம்பர்ல ஒருத்தர் பொம்பளையா இருக்கோணும், அதுவும் குடிசைப் பகுதியில குடியிருக்கறவளா இருக்கோணும். வாரியத்து ஆபீசர் என்னையக் கூப்பிட்டாரு. "கிட்டு, நீதான் அந்தப் பக்கமெல்லாம் போறவன். எச்சாப் பேசாத பொம்பளையா ஒண்ணு பாத்துச் சொல்லு"ன்னாரு. எனக்கு அப்ப ஒரு குறும்பு வந்துருச்சுங்க. "ஒச்சம்மாள்னு ஒருத்தரு இருக்காங்க சார். வாயில வெரல வெச்சாக்கூடக் கடிக்கத் தெரியாதுங்க"ன்னேன்.

மொதக் கூட்டத்துலயே கடிச்சுது. நான் லட்டும் மிக்சரும் வெச்சுட்டு நவுர்றேன், "ஏய்யா, எங்க தெருவுல குடிக்கத் தண்ணியக் காணோம், இங்க லட்டுல முந்திரியால்ல கெடக்கு"ன்னு சத்தமாச் சொல்லிருச்சு. தியேட்டர் மொதலாளிக்கு லட்டு தொண்டையில சிக்கி, நான் தண்ணி எடுக்க ஓடினேன். ஆபீசர் என்னையப் பாத்த பார்வை இருக்குதே! நான் கதவுக்கு அக்கட்டாலப் போயி வாயப் பொத்திட்டுச் சிரிச்சேன். சிரிச்ச வாய இன்னைக்கு நெனச்சாப் பத்திட்டு வருது.

அந்தக் கூட்டம் நடக்கற லட்சணத்தச் சொல்றேன் கேளுங்க. வாசல்ல ஒரு மேசை போட்டு, தீர்மானப் புத்தகத்த நான் விரிச்சு வெச்சிருப்பேன். பக்கம் வெறும் வெள்ளையா இருக்கும். வர்றவிய எல்லாம் பக்கத்தோட அடியில கையெழுத்துப் போட்டுட்டுத்தான் உள்ள போவாங்க. உள்ள அரை மணி நேரம் பேச்சு, அப்பறம் டீ, முடிஞ்சுது. ரெண்டு நாளோ மூணு நாளோ கழிச்சு ஆபீசர் சாவகாசமாக் குந்தி, கையெழுத்துக்கு மேல இருக்கற வெள்ளையில தீர்மானத்த எழுதுவாரு. என்ன பேசினாங்களோ அதை எழுதுவாருன்னு நெனைக்காதீங்க. என்ன எழுதோணும்னு தலைவர் சொன்னாரோ அதை எழுதுவாரு.

ஒச்சம்மாள் மொத நாளே கேட்டுச்சு. பேனாவக் கைல புடிச்சுட்டு, "ஏன் தம்பி, வெறுந்தாளுல்ல இது? இதுல எதுக்குக் கையெழுத்து?"ன்னுச்சு. அதுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பஸ் போர்டு படிக்கத் தெரியும். நான் என்ன சொன்னேன் தெரியுமுங்களா? "வந்ததுக்கு அடையாளமுங்க்கா, அட்டெண்டன்ஸு. எல்லாரும் அப்படித்தான் போடறாங்க, நீங்களும் போடுங்க"ன்னேன். அந்தம்மா போட்டுச்சு. ஒவ்வொரு எழுத்தா, கல்லுல கொத்தற மாதிரி அழுத்திப் போடும்.

தொண்ணூத்திரெண்டு ஆவணியில பாறைக்குழித் தெருவுல நோட்டீஸ் ஒட்டினாங்க. குழிய மூடிக் கடை கட்டப் போறோம். எழுவது ஊட்டையும் குன்னத்தூர்ப் பக்கம் கரட்டுமேட்டுக்கு மாத்தப் போறோம். ஆட்சேபணை இருக்கறவிய முப்பது நாளைக்குள்ள கோயமுத்தூர் கலெக்டர் ஆபீசுல எழுதிக் குடுக்கோணும். கரட்டுமேடு ஒரு பொட்டக்காடுங்க. அங்கிருந்து கம்பெனிக்கு வர பஸ்ஸுல ஒண்ணேகால் மணி நேரம், பஸ்ஸும் ஒண்ணே ஒண்ணுதான். எட்டரைக்கு மேல போனாக் கம்பெனி கேட்ல உள்ள உடமாட்டான். எடத்த மாத்தறதுன்னா எழுவது குடும்பத்தோட சோத்துல மண்ணு. அதுதான் வெசயம்.

தெருவுல மொக்கைச்சாமின்னு ஒருத்தன், மூணு சக்கர வண்டியில துணிக்கட்டு ஓட்டறவன். அவன் ஊடு ஊடாப் போயிக் கையெழுத்தும் ரேகையும் வாங்கி ஒரு மனு தயார் பண்ணிட்டான். கோயமுத்தூருக்குக் கெளம்பறவன ஒச்சம்மாள் நிறுத்துச்சு. "நாளைக்கு மீட்டிங்குடா. நான் எதுக்கு மெம்பரா இருக்கேன்? மூஞ்சிக்கு நேராக் கேட்டுப்புட்டு வாரேன், அப்புறம் போவ"ன்னுச்சு.

கேட்டுச்சுங்க. அந்த ரூம்புல அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் அப்படி ஒருத்தரும் பேசி நான் கேட்டதில்ல. எந்திரிச்சு நின்னு, "எங்காளுக ஒடைச்ச கல்லு மேலதான்யா ஒங்க கம்பெனியெல்லாம் நிக்குது. குழிய மூடிக்கிருங்க, கடையும் கட்டிக்கிருங்க. கரையில எங்களுக்கு எழுவது வீட்டக் கட்டிக் குடுத்துட்டுக் கட்டுங்க. எங்களத் தூக்கிக் காட்டுல போடுறதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன், எழுதிக்கிருங்க"ன்னுச்சு. நான் டீத் தட்டோட செவுத்தோரமா நின்னேன். ஒரு வார்த்தை உடாமக் கேட்டேன்.

ஆறுமுகசாமி எந்திரிச்சு ரெண்டு கையையும் கூப்பினாரு. "அம்மிணி சொல்றதுல ஞாயம் இருக்குதுங்க. நீங்க வேண்டாம்னு சொன்னதுக்கப்பறம் எங்களுக்கு வேற பேச்சு உண்டுங்களா? வெசனப்படாமப் போயிட்டு வாங்க"ன்னாரு. மத்த பத்துப் பேரும் தலையத் தலைய ஆட்டினாங்க.

எங்க பக்கத்துல ஒருத்தர் மூஞ்சியப் பாத்து முடியாதுன்னு சொல்றது மரியாதைக் கொறச்சலுங்க. 'ஆகட்டுங்க, பாத்துக்கலாமுங்க'ம்போம், கும்புடுவோம், வாசல் வரைக்கும் கூட வந்து வழியனுப்புவோம். அப்பறம் நாங்க நெனச்சதத்தான் செய்வோம். இது எங்களுக்குள்ள தெரியும். ஒச்சம்மாளுக்குத் தெரியல. அது ஊர்ல எதிரின்னா எதிரி மாதிரிப் பேசுவான். பொழுதோட அந்தம்மா பொரிகடலை வாங்கித் தெருப் புள்ளைகளுக்கெல்லாம் குடுத்துச்சு. "தலைவரே கும்புட்டுச் சொல்லிட்டாரு. இனி எதுக்கு மனு? கலெக்டருக்கு எழுதுனா அந்த மனுசன் சொல்ல நம்பலைன்னு ஆயிரும்"ன்னு சொல்லி மொக்கைச்சாமி கையில இருந்த மனுவ வாங்கி டிரங்குப் பொட்டிக்குள்ள வெச்சுருச்சு.

மூணாம் நாளு ஆபீசர் புத்தகத்துல எழுதறதப் பாத்தேன். நான் எட்டாங்கிளாஸ் படிச்சவன், எனக்கு எழுத்துத் தெரியும். 'பாறைக்குழிப் பகுதிக் குடியிருப்புகளை அகற்றுவது என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.' ஏகமனதாகன்னா எல்லாரும் ஒரே மனசான்னு அர்த்தம். அடியில பன்னெண்டு கையெழுத்து. கடைசியில ஒச்சம்மாள், அந்தக் குண்டு குண்டு எழுத்துல.

கணக்குப் போட்டுப் பாருங்க. முப்பது நாள்ல இன்னும் பதினேழு நாளு பாக்கி இருந்துச்சு. நான் சைக்கிள மிதிச்சாப் பத்து நிமிசத்துல பாறைக்குழி. "அக்கா, மனுவத் தூக்கிட்டு ஓடுங்க"ன்னு ஒரு வார்த்தை. நான் சொல்லல. ஏன்னா நான் டெம்ப்ரவரி. என்னைய நிரந்தரம் பண்ற பேப்பரு அந்த வாரந்தான் தலைவர் மேசைக்குப் போயிருந்துச்சு. அட நாயே, நாயே! பதினேழு நாளும் அந்தம்மா ஊட்டப் பாக்கக் கூடாதுன்னு சுத்து வழியா ஊடு போயிச் சேந்தேன்.

ஐப்பசியில ஒரு காலையில ஊடு இடிக்கற மெஷின் ரெண்டும் நாலு வேன் போலீசும் வந்துச்சு. ஒச்சம்மாள் மெம்பர் கார்டத் தூக்கிட்டு மெஷினுக்கு முன்னாடி நின்னுச்சு. "நான் வாரிய மெம்பரு. தலைவர் என்கிட்டச் சொல்லிருக்காரு. வண்டியத் திருப்புங்கடா"ன்னு கத்துச்சு. ஆபீசர் புத்தகத்த விரிச்சு என்ற கையில குடுத்து, "படிச்சுக் காட்டு"ன்னாரு. நான் படிச்சேன். எழுவது குடும்பமும் சுத்தி நின்னு கேட்டுச்சு.

மொக்கைச்சாமி வந்து எட்டிப் பாத்தான். "இது உன் கையெழுத்தா?"ன்னான்.

"என் கையெழுத்துத்தான். ஆனா நான் போடுறப்ப மேல ஒண்ணும் எழுதல."

"வெறுந்தாள்ல எவளாச்சும் போடுவாளா? எங்கள எதுக்கு வித்த?"

மெஷின் சத்தத்துல அந்தம்மா பேசறது சரியாக் கேக்கல. சுத்தியும் முத்தியும் பாத்துட்டு, என்ற சட்டையப் புடிச்சு இழுத்து முன்னாடி நிறுத்துச்சு. "இந்தா, கிட்டு அங்கனதான் நின்னான். அவன் சொல்லட்டும். தம்பி, நான் மாட்டேன்னு சொன்னேனா இல்லையா? சொல்லுடா!"

எழுவது குடும்பமும் என்ற மூஞ்சியப் பாத்துச்சு. ஆபீசரும் பாத்தாரு.

"நான் டீ வாங்கப் போயிட்டனுங்க்கா. உள்ள என்ன பேசினாங்கன்னு தெரியலீங்க"ன்னேன்.

சட்டையப் புடிச்ச கை தானா உட்டுருச்சு. "சரிப்பா"ன்னு மட்டும் சொல்லுச்சு. பக்கத்து ஊட்டு மூக்கம்மாள், ஒச்சம்மாளோட ஒரே பைப்புல பதினாலு வருசம் தண்ணி புடிச்சவ, குனிஞ்சு மண்ண அள்ளி ஒச்சம்மாளப் பாத்துத் தூத்துச்சு. "நீ வெளங்குவியா?"ன்னு ஆரம்பிச்சு வாய்ல வந்த சாபமெல்லாம் உட்டுச்சு. என்ற மேல விழுக வேண்டிய மண்ணுங்க அது.

மார்கழியில என்னைய நிரந்தரம் பண்ணினாங்க.

ஒச்சம்மாளும் கரட்டுமேட்டுக்குத்தான் போச்சு, வேற எங்க போகும்? கடைசி வரிசையில ஒரு ஊடு. ஒன்றரை வருசம் அந்தத் தெருவுல யாரும் அதுகூடப் பேசல. பஸ்ஸுல அது குந்தற சீட்டுல பக்கத்துல ஒருத்தரும் குந்தமாட்டாங்க. காலையில அஞ்சே முக்காலுக்கு பஸ்ஸு ஏறி வந்து, பிசிறு வெட்டிட்டு, திரும்பிப் போயிச் சேர ராத்திரி ஆகும். கூட்டத்துக்கு அதுக்கப்பறம் ஒரு நாளும் வரல. ஆனா மெம்பர் பதவி மூணு வருசத்துக்குங்க, பேரு மட்டும் புத்தகத்துல இருந்துட்டே இருந்துச்சு.

தொண்ணூத்தினாலு வைகாசியில காம்ப்ளக்ஸ் தொறப்பு விழா. ஆர்டர்ல பொம்பள மெம்பரு இருக்கோணும்னு இருக்குதல்ல, அதனால கல்வெட்டுல ஒச்சம்மாள் பேரையும் வெட்டிட்டாங்க. இடிச்சது அதோட ஊடு, இடிச்சவிய வரிசையில அதோட பேரு! இந்த அநியாயம் எங்காவது உண்டுங்களா? அழைப்பிதழ்லயும் போட்டு, அதைக் கரட்டுமேட்டுக்குத் தபால்ல வேற அனுப்பினாங்க.

காலையில பத்து மணி. நாதஸ்வரம் ஊதிட்டு இருக்கறாங்க, பந்தல்ல கூட்டம். ஒச்சம்மாள் ஒரு மஞ்சப்பையோட நேரா மாடிப்படிக்கு வந்துச்சு. மெம்பருங்கறதால ஒரு போலீஸ்காரரும் தடுக்கல. ஒருத்தரு சேரு கூடக் கொண்டாந்து போட்டாரு. அந்தம்மா கல்லுக்கு முன்னாடி மண்டி போட்டுச்சு. திரைச்சீலைய ஒதுக்கி, பன்னெண்டாவது வரி எதுன்னு வெரல வெச்சு எண்ணிப் பாத்துச்சு. பைக்குள்ள இருந்து தவசியோட உளியையும் சுத்தியையும் எடுத்துச்சு. மொத அடி உழுந்ததுமே நாதஸ்வரக்காரரு நிறுத்திட்டாரு.

எல்லாரும் ஓடி வந்தாங்க. கிட்டப் போக ஒருத்தருக்கும் துணிச்சல் இல்ல, செதிலு தெறிக்குது. ஆறுமுகசாமி வந்தாரு. அப்பவும் கையக் கூப்பிக்கிட்டுத்தானுங்க வந்தாரு. "அம்மிணி, என்னங்க இது? எதுன்னாலும் பேசிக்கலாமுங்க."

அந்தம்மா திரும்பல. கொத்திட்டே பேசுச்சு. "எங்க ஊர்ல வெட்ட வாரவன் வஞ்சுக்கிட்டே வருவான். சத்தத்தக் கேட்டு நாங்க ஓடித் தப்பிச்சுக்கிருவோம். நீங்க கும்புட்டுக்கிட்டே வெட்டுறீங்கய்யா. கும்புட்ட கையப் பாத்து ஏமாந்து, எழுவது குடும்பத்தக் காட்டுல கொண்டுபோய்ப் போட்டுட்டேன். என் பேரு ஒங்க வரிசையில இருக்க வேணாம்." கடைசி எழுத்தையும் பேத்துட்டு, உளியப் பைக்குள்ள வெச்சுட்டு, "எந்த வண்டியிலய்யா ஏறணும்?"னு போலீஸ்காரரக் கேட்டுச்சு.

மத்தியானம் ஸ்டேசனுக்கு முன்னாடி ஒரு கூட்டம் நின்னுச்சு. மொக்கைச்சாமி, மூக்கம்மாள், கரட்டுமேட்டுச் சனம் அத்தனையும். அவிய வரிசையில இருக்கமாட்டேன்னு ஒச்சம்மாள் பேரக் கொத்தின சேதி கேட்டு, கம்பெனிக்கு லீவு போட்டுட்டு வந்திருந்தாங்க. ஒச்சம்மாள வெளிய உட்ட ஒடனே மூக்கம்மாள் கட்டிப் புடிச்சு அழுதத ரோட்டுக்கு இக்கட்டால நின்னு பாத்தேன். கிட்டப் போகல.

ஆபீசர் என்றகிட்ட, ஒரு கல்லுக்காரனக் கூட்டிட்டு வந்து அந்தப் பேர மறுபடி வெட்டவெக்கச் சொன்னாரு. நான் ஒருத்தனையும் தேடல. "கூப்பிட்டா வரமாட்டேங்கறாங்க சார்"னு மூணு தடவ பொய் சொன்னேன். அதுக்கு மேல அவருக்கும் சலிச்சுப் போச்சு.

ஒரு ஞாயித்துக்கெழம கரட்டுமேட்டுக்கு பஸ்ஸு ஏறினேன். ஒச்சம்மாள் ஊட்டு வாசல்ல துணி காயப் போட்டுட்டு இருந்துச்சு. நான் தெருவே கேக்கற மாதிரிச் சொன்னேன். "அக்கா, அன்னைக்கு நான் உள்ளதான் நின்னேன். நீங்க சம்மதிக்க மாட்டேன்னு சொன்னத என்ற காதால கேட்டேன். பொய் சொல்லிட்டேன்."

அந்தம்மா திட்டும்னு பாத்தேன். திட்டியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும். ஈரச்சீலைய உதறிக் கொடியில போட்டுட்டு, "இத எதுக்குடா இங்க வந்து சொல்ற? இங்க இருக்கவய்ங்களுக்கு எல்லாம் தெரியும். தெரியாதவய்ங்க அங்கல்ல இருக்காய்ங்க. அங்க போயிச் சொல்லு"ன்னுச்சு. அவ்வளவுதான். உள்ள போயிருச்சு.

அடுத்த மாசம் வாரியத்துல புது மெம்பருக. ஒச்சம்மாள் எடத்துல கருப்பாத்தாள்னு ஒரு அம்மா, சாக்கடை ஓரத்துத் தெருவுல இருந்து கூட்டிட்டு வந்திருந்தாங்க. தலைவரு அதே ஆறுமுகசாமி. வாசல்ல அதே மேசை, அதே புத்தகம், வெள்ளைப் பக்கத்த நாந்தான் விரிச்சு வெச்சேன். பதினொரு பேரும் போட்டாச்சு. கருப்பாத்தாள் பேனாவ வாங்கிட்டு என்னைய நிமுந்து பாத்துச்சு.

"ஏனுங் கண்ணு, இது வெறுந்தாளாட்ட இருக்குதே. இதுல எதுக்குங்க கையெழுத்து?"

"போடாதீங்க்கா"ன்னேன். எனக்கே என்ற கொரலு பெருசாக் கேட்டுச்சு. "கையெழுத்த வாங்கிட்டு, மேல அவிய இஷ்டத்துக்கு எழுதிக்குவாங்க. ஒச்சம்மாள் மாட்டேன்னு சொன்னத ஏகமனசுன்னு எழுதினாங்க. நான் இங்கதான் நின்னு கேட்டேன். எழுதினதப் படிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்டுட்டு அப்பறம் போடுங்க."

ஆபீசர் மூஞ்சி வெளுத்துப் போச்சு. கருப்பாத்தாள் பேனாவ மேசை மேல வெச்சுருச்சு. ஆறுமுகசாமி மெதுவா எந்திரிச்சு வாசலுக்கு வந்தாரு. கோவமே இல்லீங்க. என்னையப் பாத்து ரெண்டு கையையும் கூப்பினாரு.

"கிட்டு சொல்றதுல ஞாயம் இருக்குதுங்க. வெசனப்படாதீங்க கிட்டு"ன்னாரு.

நான் ஸ்டூலுக்கு அடியில இருந்த என்ற டிபன் பாக்ஸையும் கொடையையும் எடுத்துக்கிட்டேன்.